சேஷன் பெருத்த வரலாறு

எங்கள் இலாகாவுக்கு அளவு முத்திரை இலாகா என்று பெயர். திருவனந்தபுரத்தில் கடை வைத்திருக்கிற எவனும் வருஷத்துக்கு ஒரு தடவை தன் நாழியையும் தராசையும் எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்து முத்திரை குத்திக்கொண்டு போக வேண்டும். முத்திரை விழுந்தால் அது நாழி. விழாவிட்டால் வெறும் தகரம். முத்திரை விழுந்த நாழியில் அவன் அரிசியை அளந்தாலும் சரி, அரிசிக்குச் சமமாகக் கல்லைக் கலந்து அளந்தாலும் சரி, எங்களுக்குச் சம்பந்தமில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இலாகாவின் சட்டம் அப்படித்தான் இருந்தது.

இப்படிப்பட்ட இலாகா திடீரென்று மனுஷனை அளக்கப் புறப்பட்டதற்குக் காரணம் கோயில் வழக்கம். ஆபீசில் கோட்டும் தலைப்பாகையுமாக இருக்கிறவனும் பத்மநாபசுவாமி சந்நிதியில் மேலே ஒன்றுமில்லாமல்தான் நிற்க வேண்டும். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, யுத்தகாலம் அது. பர்மா அரிசி நின்று போய், ரேஷன் வந்து, அந்த ரேஷனும் வருகிற வாரமும் வராத வாரமுமாக இருந்த சமயம். எங்கள் கண்ட்ரோலர் பகவதிப்பெருமாள் பிள்ளை, மதராசிலிருந்து வந்த ஒரு பெரிய உத்தியோகஸ்தரைத் தரிசனத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே தூணோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றவன் எங்கள் ஆபீஸ் குமாஸ்தா சேஷன். மதராஸ்காரர் சுவாமியைப் பார்த்துவிட்டுச் சேஷனைப் பார்த்தார். "இவர் ஏதாவது விரதமா?" என்று கேட்டார். நம்முடைய குமாஸ்தாதான் என்று பிள்ளை சொல்ல வேண்டியதாகிவிட்டது.

பிள்ளைக்கு நாஞ்சில்நாட்டில் வயல் உண்டு. அறுவடைக்கு அறுவடை நெல் வண்டி கட்டி வரும். ஒரு மனுஷனுக்கு விலா எலும்பு இவ்வளவு உண்டென்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. மறுநாள் எல்லோரையும் கூட்டிவைத்துக் பொரிந்து தள்ளிவிட்டார்.

"சாமிக்க முன்னால நம்ம டிபார்ட்மென்டுக்க மானம் போச்சு, கேட்டேளா! கோட்டு போட்டு எலும்பை மறைச்சு வச்சிருக்கேளு. ஆனா கடவுளு பாக்காரே! இனிமே அது நடக்காது. நாளையிலேருந்து ஒவ்வொருத்தனும் பெருக்கணும். இது ஆர்டராக்கும்."

அப்படித்தான் எங்கள் தேகவிருத்திச் சங்கம் பிறந்தது. 'நேற்றைவிடப் பெரிது' என்பது அதன் வாசகம். வாசகத்தைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார்கள். அதன் கீழே ஓர் ஆள் உயர நிலைக்கண்ணாடி. காலையில் கையெழுத்துப் போடுமுன் கண்ணாடி எதிரில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "நேற்றைவிட நான் பெரியவன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னவனுக்கு 'உற்சாகக் குறைவு' என்று மெமோ வரும். ஏன் உற்சாகம் குறைந்தது என்பதற்கு அவன் உற்சாகமாகச் சமாதானம் எழுத வேண்டும். எனக்கு இரண்டு வந்தது. எனக்கென்ன, எப்போதோ கன்பர்ம் ஆனவன், எழுதிக் கொடுத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

சேஷன் அப்படி இருக்க முடியாது. அவன் இன்னும் டெம்பரரி. சேர்ந்த நாளிலிருந்து டெம்பரரி. கன்பர்ம் ஆனவர்களுக்கு மட்டும் இலாகா ஸ்டோரிலிருந்து மாதம் ஒரு சாக்கு நாஞ்சில் அரிசி உண்டு. ரேஷன் கடையில் புழு நெளிகிற காலத்தில் அந்தச் சாக்கு எப்படிப்பட்ட சாக்கு என்று ஸ்ரீவராகம் தெருவில் சேஷன் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அவனுக்கு மூன்று குழந்தைகள். மூன்றாவது கைக்குழந்தை. மனைவி அனந்தலக்ஷ்மிக்குப் பால் வற்றிப் போயிருந்தது. அக்ரஹாரத்துக்குள் அதுவரை நுழையாத மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு கொல்லைவாசல் வழியாக நுழைந்து அடுப்பிலும் ஏறிவிட்டது. யார் வீட்டில் வேகிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

சங்கம் வந்ததும் பிள்ளை ஒரு விதியையும் சேர்த்தார். இலாகாவின் ஆண்டுவிழா நாளுக்குள் தேக அளவில் விருத்தி காட்டுகிற டெம்பரரி குமாஸ்தாக்கள் கன்பர்ம் செய்யப்படுவார்கள். காட்டாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

"அரிசி கிடைக்கணும்னா நான் பெருக்கணும்" என்று சேஷன் என்னிடம் சொன்னான். "பெருக்கணும்னா அரிசி வேணும். இதிலே எதை முன்னாடி செய்யறதுன்னுதான் தெரியலே, அண்ணா." அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் முகத்தில் நிஜமாகவே சந்தேகம் இருந்தது.

தினமும் விடிந்ததும் ஆபீஸ் பின்முற்றத்தில் தண்டால், பஸ்கி, கர்லா. சொல்லிக்கொடுக்க நேசையன் என்று ஒரு டிரில் மாஸ்டர். மார்த்தாண்டம் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவர், பட்டாளத்திலிருந்து திரும்பியவர். அவர் 'ஒண்ணு' என்றால் சாலைக் கடைத்தெருவில் கேட்கும். வெறும் வயிற்றில் குனிந்தவர்களில் பாதிப்பேர் நிமிர நேரம் பிடிக்கும். நிமிர்ந்ததும் பிள்ளை மேடையேறி ஆகாரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வார். காலையில் ஊறவைத்த பாதாம். பிறகு சுண்டக் காய்ச்சின பால். உச்சிவேளைக்குக் கட்டித் தயிர். சோற்றில் நெய் மிதக்க வேண்டும். கேட்டுக்கொண்டு நிற்கும்போது எங்களில் சிலருக்கு வாயில் தண்ணீர் ஊறி, அதை விழுங்கிக்கொண்டோம். அந்த அளவுக்குப் பிரசங்கத்தால் பிரயோஜனம் இருந்தது.

ஒரு நாள் சேஷன் கையைத் தூக்கிவிட்டான்.

"சார், தப்பா எடுத்துக்கப்படாது. ரேஷன்லே அரிசியே சரியா வரலே. பாதாமுக்குப் பதிலா வேறே ஏதாவது..."

பிள்ளை கோபப்படவில்லை. குழந்தையிடம் பேசுவதைப் போலத்தான் பேசினார்.

"ஓய் சேஷன், நீர் எந்த டிபார்ட்மென்டிலே சோலி பாக்கேரு?"

"அளவு முத்திரை, சார்."

"நாழிக்கு முத்திரை குத்துகேரு. நாழிக்குள்ள என்ன கெடக்குன்னு என்னைக்காவது எட்டிப் பாத்தேரா?"

"இல்லே, சார்."

"பின்னே மனுசனுக்குள்ள என்ன கெடக்குன்னு எதுக்கு ஓய் கேக்கேரு? வெளியளவு சரியா இருக்கணும். நம்ம சோலி அம்புட்டுதான்."

நாங்கள் எல்லோரும் அந்தச் சோலியில்தான் சம்பளம் வாங்கினோம்.

அதற்கப்புறம் ஆபீசில் உட்காருகிற வரிசையையே மார்பளவுப்படி மாற்றினார்கள். அகலமான மார்பு முன்னே, ஒடுங்கினது பின்னே. பியூன்களில் கட்டுமஸ்தான ஒருவன் ஹெட் கிளார்க் நாற்காலியில் போய் உட்கார்ந்து நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தான். அசல் ஹெட் கிளார்க் இளைப்பு நோயாளி, வராந்தாவில் செருப்புகள் பக்கத்தில் உட்கார்ந்து இருமினார். பைல் யாரிடம் போக வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைக்காரர்கள் நாழிகளைக் கொண்டுவந்து மரத்தடியில் காத்திருந்து, பார்த்து, திரும்பிப் போனார்கள். பிறகு வருவதையே விட்டுவிட்டார்கள். அந்த மழைக்காலத்தில் ரேஷன் கடை நாழிகளெல்லாம் அடியில் நசுங்கிப் போயின. யார் நசுக்கினார்கள் என்று கேட்கவும் ஆளில்லை, ஏனென்றால் நாங்கள் பின்முற்றத்தில் பஸ்கி எடுத்துக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே குறைந்த அரிசி இன்னும் குறைந்தது. அனந்தலக்ஷ்மி வாங்கிவந்த அரிசியை வீட்டு நாழியில் திரும்ப அளந்து பார்த்து, அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போனாளாம். அவள் புருஷன் அளவு இலாகாவில் அல்லவா இருக்கிறான், அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

வடித்ததைக் குழந்தைகளுக்கும் அவளுக்கும் விட்டுவிட்டு, "ஆபீஸ்லே பலகாரம் கொடுத்தா" என்று சேஷன் கஞ்சித் தண்ணீரோடு எழுந்துவிடுவான். ஆபீசில் கொடுத்தது கர்லாக்கட்டை.

ஐப்பசியில் அளவெடுத்தபோது அவனுக்கு ஒன்றும் கூடவில்லை. கார்த்திகையிலும் இல்லை. பிள்ளை அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டார். கண்ணாடி எதிரில் "நேற்றைவிட நான் பெரியவன்" என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அதற்கும் ஒரு மெமோ வந்தது.

மார்கழியில்தான் அந்த ஆச்சரியம் நடந்தது. ஒரு நாள் காலை கண்ணாடி முன்னால் நின்ற சேஷன் நகராமல் நின்றான். கன்னம் நிரம்பியிருந்தது. ஒட்டிப் போன முகத்தில் ஒரு பளபளப்புகூட வந்திருந்தது. "அண்ணா, பாருங்கோ, நான் கொஞ்சம் தேறியிருக்கேனோ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை ஈரமாக, மெத்தென்று இருந்தது. பாதத்துக்குச் செருப்பு போதவில்லை என்று வாரைத் தளர்த்திக்கொண்டான். அந்த மாத அளவில் கெண்டைக்காலும் கணுக்காலும் கூடியிருந்தன. வயிறும் கூடியிருந்தது. மார்பு மட்டும் அப்படியே இருந்தது. பிள்ளைக்கு வந்த சந்தோஷத்தில், இனிமேல் மார்பை மட்டும் பார்ப்பதில்லை, சர்வாங்கமும் பார்க்கப்படும் என்று அன்றைக்கே விதியைத் திருத்திவிட்டார்.

"மனசு வச்சா முடியாதது ஒண்ணும் இல்ல, பாத்தேளா? பாதாம் பாதாம்னு அழுதவன்தான் இவன்! இப்ப ஒரு பாதாமும் இல்லாம பெருத்திருக்கான். உற்சாகம்! உற்சாகந்தான் ஆகாரம்!"

தெருவிலும் சேஷன் பெருத்தது தெரிந்தது. பஞ்சகாலத்தில் ஒருத்தன் பெருத்தால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுச் சாவித்ரி மாமி, "ஆத்துக்காரருக்கு நன்னா சரீரம் வெச்சிருக்கே. எந்தக் கடையிலேடீ அரிசி? எங்களுக்கும் சொல்லேன்" என்று அனந்தலக்ஷ்மியைக் கிணற்றடியில் வைத்துக் கேட்டாள். கள்ளமார்க்கெட் அரிசியைப் பதுக்கிவைத்திருக்கிறாள் என்று பேச்சு கிளம்பி, இரவல் உப்புகூட யாரும் கொடுக்காமல் போனார்கள்.

அனந்தலக்ஷ்மி முட்டாளில்லை. ஒரு சாயங்காலம் நான் அங்கே போயிருந்தபோது, புருஷனின் காலை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. மேடாக வரவே இல்லை. இன்னொரு இடத்தில் அழுத்தினாள். அங்கேயும் குழி.

"ஏன்னா, இது சதையில்லே. ஜலமாக்கும். வைத்தியர்கிட்டே காமிச்சேன்னு சொன்னேளே, என்ன சொன்னார்?"

"பட்டினி வீக்கம்னார். படுத்துண்டு தவிட்டுக் கஞ்சியும் பயறும் சாப்பிடணும்னார். மேல்மூச்சு வந்தா ஆபத்துன்னார்."

"அப்போ லீவு எழுதிக் குடுங்கோ."

"லீவு போட்டா உற்சாகக் குறைவு. ஆண்டுவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கு, லக்ஷ்மி. கன்பர்ம் ஆயிட்டா சாக்கு வந்துடும். அப்புறம் எல்லாரும் சாப்பிடலாம். நானும் சாப்பிடறேன், போறுமா?"

"இந்தச் சங்கம் கட்டையிலே போக!" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் அந்தக் குழியை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நிரப்பப் பார்த்தாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

நேசையனுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் பஸ்கிக்கு நடுவில் சேஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தபோது, அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

"சாமி, எனக்க வீட்டுக்காரி தாசம்மாளுக்கும் காலு இதுபோலத்தான் வீங்கிக் கெடக்கு. இது பெலம் இல்ல. நான் பெரிய சாருக்கிட்ட சொல்லட்டா?"

"வேண்டாம், மாஸ்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். விழா முடியட்டும்."

"செரி. பஸ்கி எடுக்க வேண்டாம். சும்ம நில்லுங்க, நீங்க எடுத்ததுபோல நான் எண்ணுகேன்." அதன் பிறகு நேசையன் சேஷனுக்காக வெறுமனே எண்ணினார்.

ஆண்டுவிழா தம்பானூரில் ஒரு நாடகக் கொட்டகையில் காலை வேளையில் நடந்தது. தலைமை வகித்தவர் பென்ஷன் வாங்கின ஒரு ஜட்ஜி. மேடையின் ஒரு பக்கத்தில் சங்கம் தொடங்கின அன்று எடுத்த சேஷனின் போட்டோவைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள், விலா எலும்பும் குழிவிழுந்த வயிறுமாக. மறுபக்கத்தில் அசல் சேஷன். அரைக்கால் சட்டை மட்டும் போட்டு, மினுங்குவதற்காக உடம்பெல்லாம் எண்ணெய் தடவி நிறுத்தியிருந்தார்கள். அந்த எண்ணெயைக் கொடுத்திருந்தால் அவன் வீட்டில் ஒரு மாதம் தாளித்திருப்பார்கள். அவன் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று மேடையில் கண்ணால் தேடினான். ஒன்றும் இல்லை.

பிள்ளை எழுந்தார்.

"பெரியோர்களே! ஊரெல்லாம் பஞ்சம் பஞ்சம்னு ஒரு பேச்சு நடக்குது. மனுசன் சாப்பாடு இல்லாம மெலியுகான்னு சொல்லுகா. பச்சைப் பொய்யாக்கும்! ஆதாரம் இந்தா நிக்குது. இந்த ஆளுக்கு நாங்க ஒரு மணி அரிசி குடுக்கல. ஒரு துளி பாலு குடுக்கல. டெம்பரரிக்குக் குடுக்க ரூலும் இல்ல. குடுத்ததெல்லாம் உற்சாகம், கண்ணாடி, அப்பறம் மெமோ. எப்பிடி வந்திருக்கான் பாருங்க! இந்தத் திட்டத்தை நாடு முழுக்க நடத்தினா, ரேஷனே வேண்டாம்னு நான் சர்க்காருக்கு எழுதியிருக்கேன்."

கைதட்டல் நின்றதும் அவர் சேஷனிடம் போனார். "ஜட்ஜி ஐயா தொட்டே பாக்கலாம். இரும்பு!" என்று சொல்லி, தானே குனிந்து அவன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை ஊன்றி அழுத்தினார். நன்றாகத்தான் அழுத்தினார். பிறகு விரலை எடுத்தார்.

குழி நின்றது. எண்ணெய் மினுங்கின காலில் அது முன்வரிசைக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஜட்ஜி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நேசையன் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் அவர் முகம் மாறியது, இப்போதாவது இந்த மனுஷனுக்கு விளங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"பாத்தேளா!" என்று கத்தினார். "முத்திரை! நம்ம டிபார்ட்மென்டு முத்திரை விழுந்தாச்சு! இனி இவன் பக்கா!"

கொட்டகை அதிர்ந்தது. ஜட்ஜியும் தட்டினார். கன்பர்ம் ஆர்டரை அங்கேயே நீட்டினார்கள், ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த அரிசிச் சாக்கையும் மாலை போட்டுப் பக்கத்தில் வைத்தார்கள். சேஷன் ஆர்டரை வாங்கவில்லை, சாக்கின்மேல் கை வைத்துக்கொண்டான். அதுதான் அவனுக்குப் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது.

ஒற்றைமாட்டு வண்டியில் சாக்கையும் அவனையும் ஏற்றி நான் ஸ்ரீவராகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வழியெல்லாம் அவன் சாக்கில் சாய்ந்துகொண்டு வந்தான். வாசல்படி ஏற முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து, "பிரிச்சுப் பாரு, லக்ஷ்மி" என்றான். அவள் பிரித்தாள். அவன் கையை உள்ளே விட்டு அரிசியை அளைந்தான். "கல்லே இல்லே" என்று சொன்னான். குழந்தைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்கள். அனந்தலக்ஷ்மி ஓடிப்போய் உலை வைத்தாள். உலை கொதித்து, அரிசியைக் களைந்து எடுத்துக்கொண்டு அவள் திரும்புவதற்குள் சேஷன் சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டான். யாரோ ஒரு மாமி அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். செத்த வீட்டில் உலை கொதிக்கக்கூடாது. களைந்த அரிசியோடு அனந்தலக்ஷ்மி நடுக்கூடத்தில் நின்றாள், மூத்த பெண், "அம்மா, சாதம் இல்லையா?" என்று கேட்டாள்.

விஷயம் தெரிந்து நேசையனோடு பிள்ளை வந்தார். அவருக்கு நிஜமாகவே துக்கம். "நல்ல ஆளு, ஓய். கன்பர்ம் ஆன அன்னைக்கே போயிட்டானே" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூக்க வந்த நாலு பேர் சேஷனைப் புரட்ட முடியாமல் திணறி இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். பிள்ளையின் கண்ணீர் அப்படியே நின்றது. "பாத்தேரா, நேசையன்? ஆறு பேரு வேண்டியிருக்கு! கோயில்ல நான் பாத்தப்போ இவனை ஒருத்தனே தூக்கிட்டுப் போயிருக்கலாம். சங்க ரிப்போர்ட்டிலே இதைச் சேக்கணும்" என்றார். முதல் தடவையாக நேசையன் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

வாய்க்கரிசிக்கு நேரமாயிற்று. வீட்டில் இருந்தது அந்தச் சாக்கு ஒன்றுதான். அதிலிருந்து ஒரு தட்டு நிறைய எடுத்து வைத்தார்கள். மாலை இன்னும் சாக்கின் கழுத்தில் கிடந்தது. உறவு ஜனங்களும் தெருக்காரர்களும் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்த சாவித்ரி மாமி வழக்கம்போலக் கை நிறைய அள்ளினாள்.

அனந்தலக்ஷ்மி அதுவரை வாய்விட்டு அழவில்லை. எழுந்து வந்து மாமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு மணி போறும், மாமி. அவர் எப்பவும் அவ்வளவுதான் சாப்பிடுவார். மிச்சம் கொழந்தேளுக்கு வேணும்."

மாமி அள்ளினதைத் தட்டிலேயே உதறினாள். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் விரல் நுனியால்தான் எடுத்துப் போட்டார்கள்.